தங்கப் பூ பூத்த செங்கல்

அந்தப் பெட்டியில் ஆறு பொட்டலங்கள் இருந்தனவா, ஏழா என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயம் இல்லை. டேஸ்டரின் மனைவி ஏழு என்கிறாள். அவள் தம்பி ஆறு என்கிறான். டேஸ்டரைக் கேட்டால் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மூன்று பேரும் வெவ்வேறு நாட்களில் சொன்னதைச் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இடையிடையே நானே இட்டு நிரப்பியதும் இருக்கலாம். எது அவர்கள் சொன்னது, எது என்னுடையது என்று இப்போது பிரிக்க வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மூவரும் ஒத்துப்போகிறார்கள். பெட்டியைக் கண்ட முதல் கணத்திலேயே டேஸ்டருக்கு அதன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

தேயிலைக் கம்பெனி அது. ஏலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி, ஒன்றோடு ஒன்றைக் கலந்து, பொட்டலம் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள். ருசித்துப் பார்த்து, எதோடு எதைக் கலப்பது என்று தீர்மானிப்பவர் டேஸ்டர். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் கம்பெனியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. கீழே கிடங்கில் இயந்திரம் ஓடும். மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னலோடு அவருடைய அறை. நீள மேஜை, வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், மூடிகள், கிண்ணங்கள், ஒரு சின்னத் தராசு, வாயில் உறிஞ்சியதைத் துப்ப இடுப்புயரத் தொட்டி. வெங்காயம் தின்றுவிட்டோ, சென்ட் போட்டுக்கொண்டோ வருகிறவர்களை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை முதலாளியம்மாவையே அப்படி அனுப்பியிருக்கிறார். அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள் என்பது கம்பெனியில் எல்லோரும் சொல்லி மகிழும் கதை.

அன்று காலை அவர் வந்தபோது மேஜையின் நடுவில் பெட்டி இருந்தது. கறுப்பு அட்டைப் பெட்டி. உள்ளே தடுப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பொட்டலங்கள். பக்கத்தில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மேடம் இது?"

"சீனாவோட கருந்தேயிலை, டேஸ்டர் சார். வகைக்குக் கொஞ்சமா மாதிரி அனுப்பியிருக்காங்க. அங்க இலையைக் குமிச்சு ஈரம் போட்டு, புளிக்க வச்சு, வருஷக்கணக்கா வச்சிருந்து குடிப்பாங்களாம். இப்போ இங்கயும் ரெண்டு மூணு கடைக்காரங்க கேக்கறாங்க. எதை இறக்கலாம்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை எல்லாரும் உட்காரலாம்."

"திடீர்னு இது யார் யோசனை?"

"உங்க மச்சினர்தான் சொன்னார். ஏன், வீட்ல உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான்" என்றார் டேஸ்டர். அவன் சொல்லியிருக்கவில்லை.

அவள் போனபிறகு வெகுநேரம் பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; போகும்போது வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. முதலில் சளி என்று இருந்தார். சளி வடிந்த பிறகும் உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தது. ஒருநாள் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனாள். அடுப்படியை ஒட்டிய நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து அவள் தடதடவென்று ஓடி வந்தபோது பாத்திரம் கரியாகி, வீடு முழுக்கப் புகை.

"அப்படி என்னதான் போட்டிருக்கான் அந்தப் பேப்பர்ல? வீடே பத்திக்கிட்டாலும் விளையாட்டுச் செய்தியை முடிச்சுட்டுத்தான் எழுந்திரிப்பீங்களா?"

"கவனிக்கலை."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. அந்த வீட்டில் பேச்சு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்தான்; இருவருக்கும் அது பழகியிருந்தது.

தெரிந்தவர்கள் யாரும் வராத வேறு பேட்டையில் ஒரு டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அந்த வாக்கியத்தை டேஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு போன டேஸ்டர் என்றால், குரல் போன பாடகர் மாதிரிகூட இல்லை. பாடகருக்கு ஊர் பரிதாபப்படும். டேஸ்டரைப் பார்த்துச் சிரிக்கும்.

எப்படிச் சமாளித்தார் என்றால், நாக்கு மிச்சமிருந்தது. வழக்கமான தேயிலையில் நாக்குக்கு நிறைய வேலை உண்டு. ஒரு கரண்டியைச் சத்தமாக உறிஞ்சினால் கசப்பு தெரியும், துவர்ப்பு தெரியும், ஈறைக் கவ்விப் பிடிக்கும் முறுக்கு தெரியும். சாயத்தின் நிறமும், வெந்த இலையின் செம்பு நிறமும் கண்ணுக்குத் தெரியும். கைக்கு இலையின் எடையும் உலர்வும் தெரியும். இத்தனை வருட அனுபவம் மீதியை ஊகித்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய துணை, அந்த அறையின் வழக்கம். கடைசிக் கோப்பை முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் முதலில் பேசுவது இளையவர், மூத்தவர் கடைசியில். பெரியவர் சொன்னதைச் சின்னவர்கள் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்லக் கூடாதென்று டேஸ்டரே கொண்டுவந்த ஏற்பாடு. இளையவர் என்றால் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவரே பிடித்து உள்ளே சேர்த்து, உதவி டேஸ்டராக ஆக்கிவைத்திருந்தவன். காய்ச்சலுக்குப் பிறகு இந்த வழக்கம் அவருக்குக் குடையாகிவிட்டது. மைத்துனன் சொல்வதைக் கேட்டுவிட்டு, நாக்கு சொன்னதையும் கலந்து, கொஞ்சம் கனைத்து, தன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

ஆனால் அங்கேதான் இன்னொரு உறுத்தல் ஆரம்பித்தது. முன்பெல்லாம் மைத்துனன் "நல்லா இருக்கு அத்தான்", "பரவாயில்லை அத்தான்" என்பதோடு முடித்துக்கொள்கிறவன். சில மாதங்களாக அவனுக்கு வாய் நீண்டுவிட்டது. "மூணாவது கோப்பைல லேசா சாக்கு வாடை இருக்கு அத்தான், அடியில, விட்டு விட்டு வருது. நாலாவதுல பூ மாதிரி ஒண்ணு, ஆறினதும் போயிடுது" என்று ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பேசினான்.

"என்ன மாப்ளே, நீ டேஸ்டரா, மேடைப் பேச்சாளரா?"

"கத்துக்கறேன் அத்தான்" என்று சிரித்தான்.

கற்றுக்கொள்கிறானா, கற்றுக்கொண்டதைக் காட்டுகிறானா? முதலாளியம்மா காதில் விழுகிற மாதிரி ஏன் பேசுகிறான்? ஒரு மாலை, மறந்துபோன கண்ணாடியை எடுக்க டேஸ்டர் திரும்பி வந்தார். படியில் பாதி ஏறியபோது கெட்டில் கொதிக்கும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தால், அவர் காலையில் முடிவு செய்த கலவையை மைத்துனன் தனியாக நின்று மறுபடி ஊற்றி, முகர்ந்து, உறிஞ்சிக்கொண்டிருந்தான். டேஸ்டர் கண்ணாடி இல்லாமலே வீடு திரும்பினார். சாட்சி சேர்க்கிறான் என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அடங்கவே இல்லை.

இப்போது இந்தப் பெட்டி. கருந்தேயிலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அதில் துவர்ப்பே இருக்காது, கசப்பு கரைந்திருக்கும், எல்லாம் மழமழவென்று இறங்கும். இருப்பது முழுக்க வாசனைதான். நாக்கு பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லாத தேயிலையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான்!

புதன்கிழமை பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார். சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை வரிசையாக வைத்து, பொட்டலம் பிரித்து, முதல் தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டு (இந்த வகைக்கு இலையைக் கழுவ வேண்டும் என்பது தெரிந்திருந்தது), இரண்டாவது தண்ணீரை ஊற்றினார். ஒவ்வொன்றும் கறுத்துச் சிவந்து இறங்கியது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க முடியாத கறுப்பு. உறிஞ்சினார். வெதுவெதுப்பாக ஏதோ தொண்டைக்குள் போனது. நிழலைக் குடித்த மாதிரி இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. சும்மா ஒரு விளையாட்டு. இதுலெல்லாம் உனக்கு என்ன வாசனை வருதுன்னு சொல்லு பார்ப்போம்."

"எனக்கா? கல்யாணம் ஆனதுல இருந்து என் மூக்கு மேல உங்களுக்கு மரியாதை வந்த முதல் நாள் இதுதான்."

ஆனால் வந்தாள். முதல் டம்ளரை எடுத்து முகர்ந்தாள். "இது பூ-ஏர்னு எழுதியிருக்கா? மழை விட்டதும் தோட்டத்து மண்ணைக் கிளறின மாதிரி இருக்கு. நல்ல மண்ணு, சாக்கடை இல்ல." அடுத்தது லியூ-பாவோ, மூங்கில் கூடையில் அடைத்துப் பழுக்க வைப்பது. "இது பூட்டியே கிடந்த பீரோ. உள்ள யாரோ பாக்கு மென்னுட்டு உக்காந்திருக்காங்க." அவளே சிரித்தாள். மூன்றாவது நீளநீள இலைகளாக இருந்தது. "விறகுப் புகை. மழையில நனைஞ்ச ஆளு அடுப்புப் பக்கத்துல நின்னு சட்டையைக் காய வச்சா வருமே, அது." குச்சியும் காம்புமாக இருந்த நான்காவதை இரண்டு முறை முகர்ந்தாள். "பேரீச்சம்பழம் ஊற வச்ச தண்ணி. அடியில வைக்கோல்." மற்றவற்றையும் இப்படியே முகர்ந்து சொன்னாள், கடைசி ஒன்றைத் தவிர.

டேஸ்டர் ஒவ்வொன்றின் இலையையும் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டார். தூள் கட்டி: மண். சுருண்ட கறுப்பு: பீரோ, பாக்கு. நீள இலை: புகை. குச்சி: பேரீச்சை.

ஏன் என்னைக் கேட்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாதா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய விஷயம் அது. அவருக்கோ முள்ளாகக் குத்தியது.

இன்னும் பிரிக்காமலிருந்த கடைசிப் பொட்டலத்தில் இருந்தது ஒரு செங்கலிலிருந்து உடைத்த துண்டு. தேயிலையைச் செங்கல்போல் அழுத்திச் செய்வார்களே, அது. அதைப் பிரிக்கும் நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. "தம்பி" என்று சொல்லிக்கொண்டே எடுத்தவள், பேசியபடி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டேஸ்டர் துண்டை விளக்கடியில் பிடித்தார். இலைக்கும் இலைக்கும் நடுவே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். கடுகை நொறுக்கித் தூவியதுபோல். லென்ஸ் வைத்துப் பார்த்தார். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சின்ன உருண்டை.

பூஞ்சை.

தேயிலையில் பூஞ்சை என்றால் அவருடைய தொழிலில் பேச்சே இல்லை. மூட்டையோடு வெளியே தள்ளு. அதைக் கிட்டப்போய் முகராமலே வாசலில் நின்று கண்டுபிடிக்கிற மூக்கு அவருடையது என்று பெயர் வாங்கியவர்.

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பால்கனிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. மனைவியின் குரல் கேட்டது: "வேண்டாம்டா. நீ தெரியாத மாதிரியே இரு. வெள்ளிக்கிழமை வரட்டும்."

டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது.

அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் இருந்தது. கெட்டுப்போன துண்டை வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அவர் அதை உறிஞ்சிவிட்டு "நல்லா இருக்கு" என்பார். அப்போது குட்டு வெளிப்படும். நாற்காலி அவனுக்கு. அக்காவும் உடந்தை. முள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே ஆணியானது.

மனைவி உள்ளே வந்து, "கடைசிப் பொட்டலத்தை மோந்தே பார்க்கலையே, கொடுங்க" என்றாள்.

"அது வேண்டாம்" என்றார். "அது எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை முழுவதும் அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. அது புதிதில்லை என்பதால் யாரும் கவனிக்கவுமில்லை. மைத்துனன் இரண்டு முறை அறை வாசலில் வந்து நின்றான். "அத்தான், அந்தச் செங்கல் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"வெள்ளிக்கிழமை சொல்லு மாப்ளே. இந்த அறைக்கு ஒரு வழக்கம் இருக்கில்ல?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஆழம் பார்க்கிறான் என்று டேஸ்டர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. மேஜையில் ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் சின்ன வெள்ளைத் தட்டில் உலர்ந்த இலை. மூடியைக் கவிழ்த்து அதன்மேல் வெந்த இலை. கிண்ணங்களில் கறுப்புச் சாறு. முதலாளியம்மா ஒரு பக்கம், மைத்துனன் ஒரு பக்கம், டேஸ்டர் நடுவில். மூவரும் கரண்டியோடு நகர்ந்தார்கள். உறிஞ்சும் சத்தம், துப்பும் சத்தம், கெட்டிலின் மெல்லிய இரைச்சல். வேறு எதுவும் இல்லை. டேஸ்டருக்கு அந்த மௌனம் எப்போதும் பிடிக்கும். அன்று அது காதை அடைத்தது.

கடைசிக் கோப்பை முடிந்தது. மைத்துனன் தொண்டையைச் செருமினான்.

"இருங்க தம்பி" என்றாள் முதலாளியம்மா. "இன்னைக்கு டேஸ்டர் சார் முதல்ல சொல்லட்டும். இந்தத் தேயிலைக்கு நாம எல்லாருமே ஜூனியர்தானே!"

மைத்துனனின் முகம் வெளுத்ததை டேஸ்டர் பார்த்தார். நடிக்கிறான் என்று பட்டது. அமைதியாக ஆரம்பித்தார். தூள் கட்டியைக் காட்டி, கிளறின தோட்டத்து மண் என்றார். சுருண்ட கறுப்பைக் காட்டி, பூட்டின பீரோ, பாக்கு என்றார். முதலாளியம்மா கிண்ணத்தை மறுபடி முகர்ந்து, "ஆமா, ஆமா! பாக்குதான்!" என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டாள். நீள இலை, விறகுப் புகை. குச்சி, பேரீச்சை. மற்றவையும் அப்படியே. மைத்துனன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவன் கண்ணில் ஓர் ஆச்சரியமும், பிறகு ஏதோ பாரம் இறங்கியதுபோல் ஒரு தளர்வும் தெரிந்தது. இரண்டாவதை டேஸ்டர் ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

செங்கல் துண்டின் தட்டை எடுத்தார். எடுத்து முதலாளியம்மாவின் முன்னால் டக்கென்று வைத்தார்.

"இது கெட்டுப்போனது மேடம். பூஞ்சை. பாருங்க, மஞ்சளா. அனுப்பினவங்க இதை அனுப்பியிருக்க மாட்டாங்க. இங்கே யாரோ உள்ளே வச்சிருக்காங்க."

"யாரோன்னா?"

"அத்தான்" என்றான் மைத்துனன் அவசரமாக. "அதை ஒரு தடவை மோந்து பார்த்துட்டு..."

"மோந்து பாரா?" டேஸ்டரின் குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அந்த அறையில் உயராத குரல். "யாரைப் பார்த்து மோந்து பாருங்கற? எனக்குக் கண்ணி வைக்கறியா மாப்ளே? உன்னை இந்த அறைக்குள்ள கூட்டிட்டு வந்ததே நான். நீயும் உங்க அக்காவும் போன்ல பேசினதை நான் கேக்கலைன்னு நினைச்சியா?"

முதலாளியம்மா தட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு தடவை. பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"டேஸ்டர் சார், எனக்குத் தேயிலை தெரியாது. ஆனா பூஞ்சை வாடை தெரியும், எங்க வீட்டுச் சுவரே போதும். இது தேன் மாதிரி இருக்கு. இருக்கறதுலயே சுத்தமான வாசனை இதுக்குத்தான்."

டேஸ்டர் மைத்துனனைப் பார்த்தார்.

"அது தங்கப் பூ அத்தான்" என்றான் அவன் தாழ்ந்த குரலில். "ஃபூ செங்கல்னு சொல்வாங்க. அந்த மஞ்சளை வேணும்னே வளர்க்கறாங்க. நிறைய பூத்திருந்தாத்தான் ஒசத்தி. நேத்து அதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை வந்தேன்."

கெட்டில் அணைந்திருந்தது. கீழே இயந்திரத்தின் ஓசை மட்டும் தரை வழியாக ஏறி வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழக்கமில்லாத தேயிலை, கண்ணை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். ஆனால் அவரால் முடியவில்லை.

"ஆனா பெட்டியை வரவழைச்சது நீதானே?"

"ஆமா, நான்தான்!" மைத்துனனும் வெடித்துவிட்டான். "இந்த ஒரு வகையையாவது என் பொறுப்புல விடுங்கன்னு மேடம்கிட்ட நான்தான் கேட்டேன். பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? மழைக்காலத்துல இருந்து ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தனே மோந்துட்டு இருக்கேன். உங்களுக்குக் கேக்கணும்னு வாய் வலிக்க வலிக்க ஒவ்வொண்ணா வர்ணிச்சுட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு அத்தான்?"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல வாயைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டு பேருக்குமா?" என்றாள் முதலாளியம்மா.

டேஸ்டருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. பொய் சொல்கிறான் என்று சொல்லலாம். முதலாளியம்மா யாரை நம்புவாள்? முகம் கழுவிக்கொண்டு வந்தவள் அவள். அவரைத்தான் நம்புவாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்கிறான் மைத்துனன்.

"ஆமா மேடம்" என்றார். "எனக்கு வாசனை தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம்."

"அப்போ இத்தனை மாசம் கலந்து அனுப்பினதெல்லாம்?"

"நாக்கால பார்த்தேன்."

"மீதியை நான் பார்த்தேன் மேடம்" என்றான் மைத்துனன். "அத்தான் போனதும் திரும்ப ஊத்திப் பார்ப்பேன். எதுவும் தப்பாப் போகலை. ரெண்டே ரெண்டு தடவை மாத்த வேண்டி வந்தது."

டேஸ்டர் திரும்பினார். "எந்த ரெண்டு?"

"அத்தான், இப்போ எதுக்கு..."

"எந்த ரெண்டுன்னு கேட்டேன்."

"ஒண்ணுல ஈரம் ஏறி, உண்மையிலயே பூஞ்சை வாடை. இன்னொண்ணுல மண்ணெண்ணெய். லாரில பக்கத்துல எதையோ ஏத்தியிருக்காங்க."

"நான் அதைச் சரின்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

அன்று நடந்த எல்லாவற்றிலும் இந்த ஒரு சொல்தான் தன்னை உட்கார வைத்தது என்று டேஸ்டர் பிற்பாடு ஒருமுறை, ஒரே ஒருமுறை, மனைவியிடம் சொன்னாராம். மண்ணெண்ணெய்! தெருவில் போகிற யாரும் கண்டுபிடிக்கிற வாடை.

முதலாளியம்மா கரண்டியைத் துடைத்து வைத்தாள். "ஒருத்தருக்கு மூக்கு இல்லை. ஒருத்தருக்கு என்கிட்ட சொல்ல வாய் இல்லை. எனக்குக் கண்ணே இல்லைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "திங்கட்கிழமை பேசலாம்" என்று எழுந்து போனாள்.

இருவரும் கோப்பைகளைக் கழுவினார்கள். ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, எப்போதும்போல.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துகொண்டாள். தம்பி அதற்குள் சொல்லியிருப்பான்.

"அவனைத்தானே தெரியாத மாதிரி இருக்கச் சொன்ன?"

"ஆமா. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசிடறேன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். அந்தப் பெட்டியே உங்களைப் பேச வைக்கும், நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"பால் தீஞ்ச அன்னைக்கே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்க. அப்புறம் அந்த இல்லையையும் சேர்த்துத் தூக்கிட்டுத் திரியணும். எதுக்குன்னு விட்டுட்டேன்." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் விட்டதும் தப்புதான்னு இப்போ தோணுது."

அவர் மேஜையின் விளிம்பைத் தடவினார்.

"அவன் எனக்காகத்தான் மோந்தான், சரி. அந்த வேலை தனக்கு வேணும்னும் கேட்டிருக்கானே? எது நிஜம்?"

"ரெண்டும்தான். ஏன், அவனுக்கு ஆசை இருக்கக் கூடாதா? உங்களுக்கு உதவி பண்றவன் சாமியாரா இருக்கணுமா?"

ரெண்டும் என்ற அந்தப் பதிலில் அவருக்கு முழு நம்பிக்கை வந்ததா என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் என்பது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், பேசி அனுப்பிவிடக்கூடிய விருந்தாளி இல்லை. ஆனால் அன்று அவர் மனைவி போட்டுக் கொடுத்த சாதாரண டீயைக் குடித்தார். "எனக்கு இது வெந்நீர் மாதிரித்தான் இருக்கு" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அவள், "மத்த நாள்லயும் என் டீ அப்படித்தான் இருக்கும், நீங்க ஒண்ணும் இழக்கலை" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளியம்மா டேஸ்டரை மாடியிலிருந்து இறக்கி, கிடங்கில் இலை தரம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டாள். கண்ணும் கையும் போதுமான வேலை அது. மைத்துனனை மேலே உட்கார வைத்தாள். ஆனால் அவன் முடிவு செய்த எதையும் வெளியாள் ஒருவரிடம் காட்டாமல் அனுப்ப அவள் அனுமதிக்கவில்லை, கடைசிவரை. ஃபூ செங்கலைக் கொஞ்சம் இறக்கினார்கள். மஞ்சளைப் பார்த்துக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள், மறுவருடம் நிறுத்திவிட்டார்கள். மைத்துனன் சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஊரில் வேறு கம்பெனிக்குப் போனான். அங்கே அவன்தான் தலைமை டேஸ்டர். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வருவான். அத்தானும் அவனும் முன்வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளியம்மா கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். மாடி அறையில் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. மற்றபடி நன்றாக இருக்கிறாள். டேஸ்டர் கிடங்கு வேலையிலேயே ஓய்வு பெற்றார். அவருக்கு வாசனை திரும்பி வரவில்லை.